குழிமேட்டில் கூப்பிடுகிறவள்

கட்டின புருசனின் பெயரைச் சீதேவி தன் வாழ்நாளில் இரண்டே தரம்தான் வாயால் சொன்னாள். இரண்டு தரமும் குழிமேட்டில் நின்று தொண்டை கிழியச் சொன்னாள். மற்றப்படி அவளுக்கு அவன் ‘இஞ்சாருங்கோ’தான். சனக்கணக்கு எடுக்க வந்த உத்தியோகத்தர் புருசனின் பெயரைக் கேட்டபோது, அடுத்த வளவு யோகம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சொல்ல வைத்தவள் அவள். உத்தியோகத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அவன் பெயர் வீரக்குட்டி. சீனன்குடாக் கரையில் இருந்த பூவரசடி மடத்துக்குக் குழி வெட்டுகிறவன். அந்த மடத்துச் சாமிமாரை எரிப்பதில்லை. ஒரு குரு கண்ணை மூடினால் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, அவரைச் சம்மணம் கட்டி இருத்தி, திருநீறும் உப்பும் கற்பூரமும் கொட்டி மூடி, மேலே ஒரு கல் நட்டு விளக்கு வைப்பார்கள். வீரக்குட்டியின் தகப்பனுக்கும் அதுதான் தொழில், பாட்டனுக்கும் அதுதான். ஆயுளில் ஒன்றோ இரண்டோ தரம் வருகிற தொழில் என்பதால் மற்ற நாளில் வலை இழுத்தும் விறகு பிளந்தும் சீவித்தார்கள்.

குழிக்குள் இறங்கி நின்று, மேலிருந்து கயிற்றில் இறக்குகிற உடலைத் தாங்கி, முதுகு நிமிர்த்தி இருத்துவது வெட்டினவனின் பொறுப்பு. அங்கேதான் மடத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. சமாதிக் குழிக்குள் இறங்கினவன் தானாக ஏறி வரக்கூடாது. மேட்டில் நிற்கிற ஒருவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால்தான் ஏறலாம். தனியே போகிற குருவுக்குத் துணை வேண்டும் என்று ஆசை வரும், பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாதவனை அவர் தன்னோடு வைத்துக்கொள்வார் என்று சொல்வார்கள். கூப்பிடாமல் ஏறி வந்தவனை ஊர் உயிருள்ளவன் கணக்கில் சேர்க்காது. அவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஒருவரும் கிட்டப் போகமாட்டார்கள்.

குழி வெட்டுகிறவனைக் கூப்பிடுவது அவன் வீட்டுப் பெண்ணின் உரிமை. கல்யாணம் முடித்து வந்த வருசமே சீதேவிக்கு அந்த முறை வந்தது. நாலாவது குருவை இருத்திவிட்டு வீரக்குட்டி கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறான். மேலே இவளுக்கு நா எழவில்லை. வெட்கத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “வீரக்குட்டி!” என்று கத்தினாள். ஏறி வந்த மனுசன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தான். “என்ர பேர் இவ்வளவு வடிவெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்” என்று பகிடி பண்ணினான். இவள் ஒரு கிழமை அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் அவள் சந்தோசமாகக் கிழவியாகியிருப்பாள். ஆனால் அவளுக்குச் சொல்லக்கூடாத பெயர் இன்னொன்றும் வந்து சேர்ந்தது.

சீதேவிக்கு ஊர் வெருகல். தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய்விட, தம்பி கதிரவேலைக் கூட்டிக்கொண்டுதான் அவள் வீரக்குட்டி வீட்டுக்கு வாழ வந்தாள். வளர்ந்து இளந்தாரியானதும் கதிரவேல் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி கட்டுகிற வேலைக்குப் போனான். ஒருநாள் வெயில் தாங்காமல் பூவரசடி மடத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனவன், அடுத்த நாளும் போனான். பிறகு வேலைக்குப் போகாமல் மடத்துக்கு மட்டும் போனான். பெண் பார்த்து வைத்திருந்த சீதேவி அழுதாள், ஏசினாள், சோறு போடமாட்டேன் என்று பயமுறுத்தினாள். அவன் சிரித்துக்கொண்டு மடத்தில் சாப்பிட்டான்.

அந்த மடத்தில் ஒரு குருவுக்கு ஒரு சீடன்தான். நாலு குருமாரும் அப்படித்தான் வந்தார்கள். முதலாமவர் கொண்டு வந்த உபதேசம் ஒன்று. அதை உயிரோடு இருக்கும்போது ஒரு காதில்தான் சொல்லலாம், இரண்டாவது காதில் சொல்ல ஏலாது. அந்த ஒரு காதுக்குரியவன் போனால் பீடமும் போயிற்று. ஐந்தாவது குருவாக இருந்த பெரியசாமி, படித்தவர்கள் பலர் வந்து கால் பிடித்தும் ஒருவருக்கும் இணங்காமல், தண்ணீர் குடிக்க வந்த இந்தத் தாங்கிக் கூலிக்காரனின் காதில் சொன்னார். மடத்துக் காரியங்களைப் பார்த்த சோமசேகரம், பட்டினத்துக் கடை முதலாளி, இதை மென்று விழுங்கச் சிரமப்பட்டார். ஆனாலும் விழுங்கினார், குருவை எதிர்த்துப் பேசும் துணிவு அவருக்கு இல்லை.

காவி உடுக்கிற அன்று கதிரவேல் தனக்குத் தானே கடைசிக் கடன் செய்து, தன் பெயரைக் கடலில் விட்டு முழுகினான். கரையேறி வந்தவனுக்குப் பெயர் இல்லை. குருநாமம் என்ற புதுப் பெயர், பெரியசாமியின் குழியை மூடுகிற அன்றுதான் கிடைக்கும். அதுவரை ‘சின்னச்சாமி’ என்று குறிப்பாகச் சொல்வார்களே தவிர அது பெயர் இல்லை. சீதேவி கும்பிட்டு நின்றாள். அவன் இவளை “அம்மா” என்று கூப்பிட்டு விபூதி கொடுத்தான். எல்லாப் பெண்களையும் போல இவளும் ஒரு அம்மா. அன்று பிளந்த நெஞ்சு அவளுக்குப் பிறகு ஒட்டவேயில்லை.

வெளியே சொல்லாத பெயரை எங்கேயாவது சொல்லத்தானே வேண்டும். விடியற்காலையில் தண்ணீர் அள்ளப் போகும்போது, வாளியை இறக்கிக்கொண்டே கிணற்றுக்குள் குனிந்து, “கதிரவேல்” என்று மெல்லச் சொல்வாள். தண்ணீர் அதைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான். யாருக்கும் நட்டமில்லாத காரியம் என்று நினைத்தாள்.

பிறகு வெள்ளைக்காரரின் யுத்தம் வந்தது. சீனன்குடாவில் ஆகாயக் கப்பல் இறங்கும் திடலைப் பெரிதாக்கினார்கள். மடத்து நிலமும் படைக்கு வேண்டும் என்றார்கள். பெரியசாமியையும் சின்னச்சாமியையும் சாம்பல்தீவுக்கு அப்பால் சல்லியில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டு, மடத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார்கள். சமாதி மேடு கம்பிக்கு உள்ளே அகப்பட்டுக்கொண்டது. வரிசையாக நின்ற பூவரசுகளைத் தறித்துவிட்டார்கள். மணலைப் பிடித்து வைத்திருந்ததே அந்த வேர்கள்தான் என்று வீரக்குட்டி தலையில் அடித்துக்கொண்டான்.

அதே கம்பிக்குள் அவனுக்கு வேலையும் கிடைத்தது. குழி வெட்டத் தெரிந்த கையென்று படைக்காரர் பதுங்குகுழி வெட்ட எடுத்தார்கள். வெட்டுவதோடு, ஒளிக்கவும் பழக்கினார்கள். குண்டு போட வருகிறார்கள் என்று சங்கு ஊதினால் யோசிக்கக்கூடாது. பக்கத்தில் யார் நின்றாலும் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழிக்குள் விழ வேண்டும். மேற்பார்வைக்காரன் தடியோடு நின்று திரும்பத் திரும்ப விழ வைத்தான். கடைசியில் அது வீரக்குட்டிக்கு உடம்பில் ஊறிவிட்டது. ஒருநாள் பட்டினத்துச் சந்தையில் நிற்கும்போது சோதனைக்காகச் சங்கு ஊத, கருவாடு விற்றுக்கொண்டிருந்த அன்ஸாரைக் கடகத்தோடு சேர்த்து வாய்க்காலுக்குள் இழுத்துக்கொண்டு விழுந்தான். அன்ஸார் எழும்பி, “யுத்தத்தில மௌத்தாகிறதெண்டா ஆகிட்டுப் போறன், உன்ர கையால வேணாம் காக்கா” என்று கும்பிட்டார். சந்தையே சிரித்தது. சீதேவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்காலத்தில் அவள் வாயைப் பொத்திக்கொள்வாள்.

பங்குனி மாதக் கடைசியில் பட்டினத்தின் முகமே மாறியது. கொழும்பில் ஞாயிற்றுக்கிழமை குண்டு விழுந்துவிட்டதாம் என்று கதை வந்தது. துறைமுகத்தை நிரப்பிக்கொண்டு நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கப்பல் இருக்கும்போது பயந்த சனம், கப்பல் இல்லாத கடலைப் பார்த்து இன்னும் பயந்தது. பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு ஆட்கள் காட்டுப் பக்கம் போனார்கள். பூட்டின வீடுகளின் வாசலில் நாய்கள் மட்டும் இருந்தன.

பெரியசாமி சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஒரு பின்னேரம் சீதேவி கஞ்சி கொண்டு போனபோது அவர் மட்டும் கொட்டிலில் இருந்தார். கஞ்சியைத் தொடவில்லை.

“பிள்ளை, என்னை இருத்துற அண்டைக்கு நீதானே மேட்டில நிப்பாய்?”

“ஓம் சாமி. ஏன் இப்ப அந்தக் கதை?”

“உன்ர புருசன்ர பேரை மட்டும் கூப்பிடு. வேற பேர் உன்ர வாயில வரப்படாது.”

“வேற ஆற்ற பேர் சாமி வரப்போகுது?”

அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “கிணத்துக்குள்ள சொல்லுற பேர்.”

அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொந்தப் புருசனுக்கும் சொன்னதில்லை.

“அவன் இப்ப பழைய பேருக்கும் புதுப் பேருக்கும் நடுவில நிக்கிறான். பழைய பேரைச் சொல்லி ஆரும் கூப்பிட்டு, அவன் திரும்பினா, திரும்பினதுதான். காவி உடம்பில இருக்கும், அவன் இருக்கமாட்டான். நாலு மேட்டில இருக்கிறவையும் நானும் காத்துக்கொண்டு வந்தது அந்த இடத்தில அறுந்து போகும். விளக்கில அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

அவள் விளக்கைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாள். பண்ணும்போது மனம் ஒப்பித்தான் பண்ணினாள். அதில் கள்ளம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் காரணமில்லாமல் அழுகை வந்தது.

பெரியசாமி அந்தக் கிழமையே போனார். சோமசேகரம் ஓடித் திரிந்து, யார் யாரையோ பிடித்து, கம்பிக்குள் போக உத்தரவு வாங்கினார். ஒரே ஒரு காலை நேரம். வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். வேலைக்குப் போன வீரக்குட்டி அங்கேயே குழியை வெட்டினான். காவலுக்கு நின்ற வெள்ளைக்காரச் சிப்பாய் எட்டிப் பார்த்துவிட்டு, இதுவும் பதுங்குகுழிதான் என்று நினைத்து, ஆழம் போதும் என்று தலையாட்டிவிட்டுப் போனானாம். வீட்டுக்கு வந்த வீரக்குட்டி இதைச் சிரிப்பாகத்தான் சொல்லத் தொடங்கினான். ஆனால் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

“மண் நிக்குதில்ல புள்ள. வெட்ட வெட்ட வழியுது. அடைக்கப் பலகை கேட்டன், யுத்தத்துக்கே காணாது எண்டுட்டான்.”

“வேற இடத்தில வெட்டேலாதோ?”

“வரிசை விட்டு எங்க வெட்டுற?”

இருள் பிரியும் முன்னமே மாட்டு வண்டியில் பெரியசாமியை இருத்திக் கட்டிக்கொண்டு சல்லியிலிருந்து புறப்பட்டார்கள். வேறு காலமாயிருந்தால் திரியாய் தொடக்கம் வெருகல் வரை சனம் திரண்டிருக்கும். அன்று வண்டிக்குப் பின்னால் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். தேவாரம் பாட வாயெடுத்தவரைச் சோமசேகரம் கையமர்த்தினார். வழியில் பட்டினத்துத் தெருக்களில் ஒரு அடுப்புப் புகை இல்லை. சின்னச்சாமி வெறுங்காலோடு வண்டியின் பக்கத்தில் நடந்தான். சீதேவி பின்னால் நடந்துகொண்டே அவன் குதிக்காலைப் பார்த்தாள். சின்ன வயதில் ஆணி ஏறிய வடு அப்படியே இருந்தது.

குழிமேட்டுக்கு வந்தபோது சூரியன் கிளம்பிவிட்டது. நாலு மேடும் புல் முளைத்துக் கிடந்தன. வீரக்குட்டி குழிக்குள் இறங்கினான். கயிற்றில் பெரியசாமியை மெல்ல இறக்கினார்கள். அவன் தாங்கி, இருத்தி, முதுகை நிமிர்த்தி, உருத்திராக்கத்தைக் கழற்றி மேலே நீட்டினான். அதைச் சின்னச்சாமி வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான். இனி இரண்டே காரியம்தான் பாக்கி. சின்னச்சாமி விளிம்பில் நின்று முதல் பிடித் திருநீற்றைக் குருவின் தலையில் தூவ வேண்டும். சீதேவி வீரக்குட்டியைக் கூப்பிட வேண்டும். குழியை மூடியதும், பெரியசாமி தன்னிடம் சொல்லி வைத்துப்போன குருநாமத்தைச் சோமசேகரம் உரத்துச் சொல்வார். ஆறாவது குரு பீடத்தில் இருப்பார்.

சின்னச்சாமி திருநீற்றுத் தட்டோடு விளிம்புக்கு வந்து குனிந்தான். அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதிற்று.

சோதனைச் சங்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வீரக்குட்டி நினைக்கவில்லை, அவனுக்கு நினைக்கிற பழக்கத்தையே மறக்கப் பண்ணியிருந்தார்கள். சங்கு காதில் விழுந்ததும் அவன் கை மேலே வந்தது. பக்கத்தில் தெரிந்த காலைப் பிடித்தது. தட்டும் திருநீறுமாகச் சின்னச்சாமி குழிக்குள் போய் விழுந்தான்.

ஐயோ என்று சீதேவி கத்த வாயெடுப்பதற்குள் வானம் இரைந்தது. கிழக்கே கடல் பக்கமிருந்து ஆகாயக் கப்பல்கள் கூட்டமாக வந்தன. திடலில் முதல் குண்டு விழுந்ததும் சோமசேகரமும் மற்றவர்களும் வேட்டியை மடித்துக்கொண்டு தூரத்திலிருந்த பதுங்குகுழிகளை நோக்கி ஓடினார்கள். மாடுகள் வண்டியை இழுத்துக்கொண்டு கம்பியில் போய் மோதின. சீதேவிக்கு ஓடத் தோன்றவில்லை. மூன்றாவது குருவின் மேட்டுக்கும் நாலாவது குருவின் மேட்டுக்கும் நடுவில் முகங்குப்புற விழுந்து, இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டாள். நிலம் அவள் வயிற்றின் கீழே குதித்தது.

பிறகு எண்ணெய்த் தாங்கிப் பக்கம் ஒரு பெரிய வெடி. காது அடைத்துப் போயிற்று. தலையைத் தூக்கிப் பார்த்தபோது குழியின் ஒரு பக்க விளிம்பைக் காணவில்லை.

தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தாள். மணல் ஓயாமல் வழிந்துகொண்டிருந்தது. வீரக்குட்டி கெண்டைக்கால் வரை மணலில் நின்று அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிலையிலும் அவன் ஏறவில்லை. கூப்பிடுதலுக்குக் காத்து நின்றான், பாவி மனுசன்.

“வீரக்குட்டி! வீரக்குட்டி!”

வெட்கம் ஏது, ஒன்று ஏது. அவன் கயிற்றைப் பிடித்து ஏறி விளிம்பில் விழுந்தான். உடனே திரும்பிக் கையை நீட்டினான்.

“சாமி, பிடியுங்கோ!”

சின்னச்சாமி பிடிக்கவில்லை. பெரியசாமியின் பக்கத்தில் அவரைப் போலவே சம்மணம் கட்டி இருந்தான். மணல் இருவருக்கும் இடுப்பு வரை வந்திருந்தது. சிந்தின திருநீற்றில் ஒரு பிடியை மணலோடு அள்ளிக் குருவின் தலையில் தூவி முடித்திருந்தான்.

“நான் ஏறேலாது. கூப்பிட எனக்குப் பேர் இல்லை. சோமசேகரத்தாரைக் கூட்டி வந்து அந்தப் பேரைச் சொல்லச் சொல்லுங்கோ.”

வீரக்குட்டிக்கு அப்போதுதான் தான் செய்தது என்ன என்று விளங்கியது. முகம் செத்துப் போயிற்று. திரும்ப இறங்கப் போனான். விளிம்பு அவன் பாரத்துக்கே பிளந்தது. எழும்பி, குண்டு விழுகிற வெளியால், “ஐயா! பேரைச் சொல்லுங்கோ! ஐயா!” என்று கத்திக்கொண்டு பதுங்குகுழிகளை நோக்கி ஓடினான்.

மேட்டில் சீதேவி தனியே நின்றாள். கீழே அவளுடைய தம்பி இருந்தான்.

“சாமி, கயித்தைப் பிடியுங்கோ சாமி. ஆரும் பாக்கேல்ல. பேர் பிறகு வரட்டும்.”

“பொறுங்கோ அம்மா. பேர் வரும்.”

அந்த நேரத்திலும் ‘அம்மா’. அவன் குரலில் பயம் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பயமாயிருந்தது. அருகில் எங்கோ மறுபடி வெடித்தது. மிச்சமிருந்த பக்கத்திலிருந்து ஒரு வண்டி மண் சரிந்து அவன் நெஞ்சுக்கு வந்தது. பெரியசாமியின் தாடி மறைந்து போயிற்று. சீதேவி திரும்பிப் பார்த்தாள். புகைக்குள் வீரக்குட்டி ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு ஓடிக்கொண்டிருந்தான். யாரும் எழும்பி வரவில்லை. விளக்கில் அடித்த சத்தியம் நினைவுக்கு வந்தது. நாலு மேடும் நினைவுக்கு வந்தன. தம்பியின் தலைக்கு மேலே மண் வெடித்துப் பிளப்பதைக் கண்டாள்.

“கதிரவேல்!”

கிணற்றுக்குள் மெல்லச் சொல்லிச் சொல்லி வைத்திருந்த பெயர் முழுக்க அன்று வெளியே வந்தது.

“கதிரவேல்! எடேய் தம்பி! ஏறி வாடா!”

கீழே இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்திலிருந்து என்னவோ ஒன்று கழன்று விழுந்ததை அவள் கண்ணால் கண்டாள். வேறு விதமாக அதைச் சொல்ல அவளுக்குப் பிறகும் தெரியவில்லை. அவன் மணலை உதறி, கயிற்றைப் பிடித்து, கைக்கு மேல் கையாக ஏறி வந்து அவள் மடியில் விழுந்தான். பின்னால் சுவர் முழுதும் ஒரேயடியாக இறங்கிக் குழியை மூடிற்று. யாரும் மூட வேண்டியிருக்கவில்லை.

புகைக்குள்ளிருந்து சோமசேகரம் தள்ளாடி ஓடி வந்தார். மேல்சட்டை கிழிந்து, ஒரு கால் செருப்பு இல்லாமல், பின்னால் வீரக்குட்டி தள்ள, அந்த மனுசன் உண்மையாகவே குண்டுக்குள்ளால் ஓடி வந்திருந்தார். கிட்ட வந்து, வாயைத் திறந்து, நின்றார்.

“ஆர் கூப்பிட்டது?”

தம்பிதான் எழும்பினான். கழுத்திலிருந்த உருத்திராக்கத்தைக் கழற்றி, மூடின மணலின் மேல் வைத்தான்.

“அக்கா கூப்பிட்டவ. நான் வந்திட்டன்.”

எத்தனையோ வருசத்துக்குப் பிறகு கேட்ட ‘அக்கா’. கேட்க வேண்டும் என்று அவள் ஏங்காத நாளில்லை. கேட்டபோது உயிர் வேர்வரை நடுங்கியது.

சோமசேகரம் மணலில் இருந்துவிட்டார். “பேரை வாயில வைச்சுக்கொண்டு ஓடி வந்தனே. இன்னும் ஒரு மூச்சுப் பொறுத்திருக்கேலாதோ, பிள்ளை” என்றார். அவளை அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அந்தக் குருநாமம் என்ன என்று அவர் கடைசிவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

எண்ணெய்த் தாங்கி அன்று பற்றினது அடுத்த நாளும் எரிந்தது, அதற்கடுத்த நாளும் எரிந்தது. பகலிலும் சூரியன் மங்கிக் கிடந்தது. மூன்று பேரும் மிஞ்சின சாமானைக் கட்டிக்கொண்டு தெற்கே வெருகலுக்கு நடந்தார்கள். எவ்வளவு தூரம் போய்த் திரும்பினாலும் வானத்தில் அந்தக் கறுப்பு நின்றது. வீரக்குட்டி வழியெல்லாம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வெருகலில் ஆற்றோரம் ஒரு குடிசை போட்டார்கள். தம்பி வெள்ளை வேட்டி கட்டினான். ஊரார் வந்து விசாரித்தார்கள். சீதேவிக்குத் தம்பி கிடைத்துவிட்டான் என்று சில பெண்கள் சந்தோசப்பட்டார்கள். அவளும் சந்தோசப்படத்தான் முயன்றாள். ஆனால் ஒன்றைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நாள் எடுக்கவில்லை. “கதிரவேல், சாப்பிட வா” என்றால் வருவான். “கதிரவேல், தோய்ஞ்சிட்டு வா” என்றால் ஆற்றுக்குப் போவான். கூப்பிடாவிட்டால் இருந்த இடத்திலேயே இருப்பான். பசித்தாலும் எழும்பமாட்டான். மழை பெய்தாலும் எழும்பமாட்டான். ஒருநாள் அவள் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, முற்றத்தில் காலையில் விட்டுப்போன இடத்திலேயே, வெயிலில் கன்றிப்போய்ச் சம்மணம் கட்டி இருந்தான்.

“ஏன்டா நிழலுக்குப் போகேல்ல?”

“நீ கூப்பிடேல்லையே அக்கா” என்றான். குற்றம் சொல்வதாக இல்லை, உள்ளதைச் சொன்னான்.

அன்று குசினிக்குள் இருந்து புருசனிடம் கேட்டாள்: “இஞ்சாருங்கோ, அவன் ஏறி வந்தவனோ, இல்லையோ?”

வீரக்குட்டி அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளி வைத்தான். “உன்ர சத்தத்துக்கு வந்தவன் உன்ர சத்தத்திலதான் நிப்பான் புள்ள” என்றான். “நீ நிப்பாட்டினா என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியாது.”

நிறுத்தினால் அப்படியே இருந்து செத்துவிடுவானோ என்ற பயத்தில் அவள் தினமும் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். கிணற்றுக்குள் ஒளித்துச் சொல்லும்போது இனித்த பெயர், சத்தமாகச் சொல்லச் சொல்ல வாயில் கசந்தது.

வைகாசி கழிந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற காலம் வந்தது. யுத்தம் என்று அந்த வருசம் கூட்டம் குறைவு. ஒரு காலைப்பொழுது, வடக்கிலிருந்து வந்த சின்னக் கூட்டமொன்று வெருகல் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆற்றோர வழியால் தெற்கே நடந்தது. அரோகரா சத்தம் கேட்டு, முற்றத்தில் இருந்தவனின் தலை கொஞ்சம் அசைந்தது. சீதேவி குசினி வாசலில் நின்று அதைக் கண்டாள்.

சோறு வெந்துவிட்டது. கூப்பிடுகிற நேரம். அவள் கூப்பிடவில்லை.

கூட்டம் குடிசையைத் தாண்டிற்று. அவன் இருந்தான். அவள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். வீரக்குட்டி வேலியடியில் கத்தியும் கையுமாக நின்றவன், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். அரோகரா சத்தம் தேய்ந்துகொண்டு போயிற்று. செத்தே போவான் போலிருக்கிறது, கூப்பிட்டுவிடுவோம் என்று அவள் வாயைத் திறக்கப் போன நேரம், அவன் நிலத்தில் கையை ஊன்றினான். தானாக எழும்பினான். கால் இடறிற்று, வேலியைப் பிடித்து நின்று, படலையைத் திறந்து, வழியில் இறங்கி, அந்தச் சத்தம் போன திசையில் நடந்தான். அவன் காதில் பெரியசாமி சொன்னது இன்னும் இருந்திருக்கும். அதைப் போட்டுவைக்க எங்கேயாவது ஒரு காது கிடைத்ததோ இல்லையோ, அந்த வீட்டுக்குத் தகவல் வரவில்லை.

வளைவில் அவன் மறையும்வரை சீதேவி பார்த்துக்கொண்டு நின்றாள். குதிக்கால் வடு தெரியுமளவுக்கு அவன் கிட்டத்தான் இருந்தான். ஒரு தரம் பெயரைச் சொன்னால் போதும், திரும்பி வந்துவிடுவான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் அவள் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.